தமயந்தியின் கோடு

மூன்றாம் மாடி தமயந்திக்கு நான்காவது வரன். இப்போது ஜாதகம் யார் கேட்கிறார்கள்? செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சரக்கு கடத்தும் புரதத்தைத்தான் பார்க்கிறார்கள். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி தடவிய சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு விழ வேண்டும். தமயந்திக்கு விழுந்ததே இல்லை. உறைமோர் கேட்கும் சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

அவள் அம்மா உள்ளேயிருந்து பட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். கோடு கருகருவென்று இருந்தது! மாப்பிள்ளையின் அம்மா, காபி நீட்டிய தமயந்தியின் விரல்களைப் பார்த்தாள். குத்திய தடமே இல்லை. தங்கை வகுளாவின் விரலில்தான் பிளாஸ்திரி.

“சின்னவ ரத்தமா? பரவால்ல சம்பந்தி, அவளையே குடுத்துடுங்க.”

தமயந்தியின் அம்மா யோசிக்கவே இல்லை. “தமா, உள்ள போய் கட்டியிருக்கற பட்டுப்புடவையத் தங்கச்சிக்குக் குடுடி.”

இரண்டாம் சுற்றுக் காபியை நைட்டியில் வந்து தமயந்திதான் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. அப்படியே குடித்து முடித்தேன்.