சும்மா நின்றிருந்தால் போதும்

எதிரணியின் கோல் முன்னால் வந்து நின்றபிறகுதான் அவனுக்கு உறைத்தது. இங்கே எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

பத்தொன்பது வருடம் கால்பந்தில் தடுப்பாட்டம். பதினோரு கிளப்புகள். அதில் இரண்டு இப்போது இல்லை.

நானூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியும் கோல் என்று ஒன்றுகூடப் போட்டதில்லை. சரியாகச் சொன்னால் மூன்று போட்டிருக்கிறான். மூன்றும் சொந்தக் கோலுக்குள். அதில் ஒன்று பார்க்க மிக அழகாக இருந்ததாகப் பத்திரிகையில் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். மெக்சிகோவின் வடக்கே ஒரு சுரங்க ஊர். இரண்டாம் பிரிவு ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு நிமிடம்.

கிளப் தலைவர் எவரார்தோ புதன்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த ஆட்டம் ஜெயித்தால் இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தம். இல்லையென்றால் ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்து, கை குலுக்கி, அனுப்பிவிடுவார்கள்.

முப்பத்தேழு வயதுக்காரனை வேறு எவன் எடுப்பான்?

அவனுக்கு ஆட்டத்தை விட்டுவிட மனமில்லை. இன்னும் ஒரே ஒரு வருடம். அதைக் கேட்கத்தான் வெட்கமாக இருந்தது.

அதனால்தான் தன் அணிக்குக் கார்னர் உதை கிடைத்ததும் யாரும் கூப்பிடாமலே கிளம்பிவிட்டான். பயிற்சியாளர் பின்னாலிருந்து கத்தியதைக் காதில் வாங்கவில்லை. நடுக்கோட்டைத் தாண்டியபோது நடுவரே அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"பூட்டு! பூட்டு!" என்று கூட்டம் கத்தியது. அவனுக்கு ஊரார் வைத்த பெயர் அதுதான்.

வந்துவிட்டான். எங்கே நிற்பது?

கால்களே முடிவு செய்தன. நேராகப் போய்க் கம்பத்தை ஒட்டி, கோல் கோட்டின் மேல் நின்றுகொண்டான். சொந்தக் கோலில் ஒவ்வொரு கார்னருக்கும் அவன் நிற்கிற இடம்.

எதிரணி கோல்கீப்பர் ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க எங்க ஆளு இல்லையே?"

"உன் வேலையைப் பாருடா."

பந்து வந்தது.

அவன் அணியின் ஒல்வேரா எம்பித் தலையால் முட்டினான். கோல்கீப்பர் பாய்ந்தான், தவறவிட்டான், மண்ணைக் கவ்வினான். பந்து தரையில் பட்டு, அவசரமே இல்லாமல் கோட்டை நோக்கி உருண்டது.

தடுக்க ஒருவரும் இல்லை.

சும்மா நின்றால் போதும்.

பத்தொன்பது வருடத்தில் எந்தப் பயிற்சியாளரும் அவனைச் சும்மா நிற்கச் சொன்னதில்லை.

கோட்டை நோக்கிப் பந்து வருகிறது. கோல்கீப்பர் கீழே கிடக்கிறான்.

பூட்டு சறுக்கிப் பாய்ந்தான்.

வாழ்நாளில் அப்படி ஒரு உதை அவன் உதைத்ததில்லை. பந்து வேலியைத் தாண்டி, வேர்க்கடலை விற்பவரின் தலையைத் தாண்டி, கார்கள் நிறுத்துகிற இடத்தில் போய் விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம்.

ஆபத்து நீங்கியதும் தடுப்பாட்டக்காரர்களை ஒரே வரிசையாக முன்னே கொண்டுபோவதும் அவன் வேலைதான். துள்ளி எழுந்தான். இரண்டு கைகளையும் வீசித் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏறுங்கடா! மேல ஏறுங்க! நாலு பேரும் மேல!"

நாலு பேரும் ஏறினார்கள்.

எதிரணியின் நாலு பேர். ஒரு அடி முன்பின் இல்லாமல், நேர்க்கோடாக, பாதி மைதானம் ஓடிப் போனபிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கீழே கிடந்த கோல்கீப்பர் எழுந்து, பழக்கதோஷத்தில் அவன் முதுகில் தட்டினான்.

"காப்பாத்திட்டீங்க அண்ணே."

சொன்னபிறகுதான் அவனும் விழித்தான்.



பார்வையாளர் வரிசையில் அவன் மனைவி யாதிரா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"யாருங்க அந்த ஆளு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தெரியலையே" என்றாள் யாதிரா.

கடைசி விசிலும் ஊதிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.

உடை மாற்றும் அறைக்குள் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெளியே நடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. அழுதான். ஒல்வேரா அவனைப் பார்க்காமல் கடந்து போனான். தலைவர் எவரார்தோ கேடயத்தோடு வந்தார். கை குலுக்கவில்லை. அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தவர் எதிரணியின் பயிற்சியாளர் செலெஸ்தினோ. அறுபதைத் தாண்டியவர். இந்த வருடம் போகிற வருகிற அணிகள் எல்லாம் கோல் போட்டுவிட்டுப் போனது அவருடைய அணியின் கோலுக்குள்தான்.

கேலி செய்யத்தான் வருகிறார் என்று இவன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவர் சிரிக்கவில்லை.

"வருஷம் பூரா ஏறு, ஏறுன்னு கத்துறேன். என் தொண்டை போனதுதான் மிச்சம். ஒருத்தன் அசையல" என்றார். "இன்னைக்கு நீ ஒரு சத்தம் போட்டே. நாலு பேரும் ஓடினானுங்க."



அவர் குனிந்து அவன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி எப்படி இருக்கு? இன்னும் ஒரு வருஷம் தாங்குமா?"

"முட்டிக்கு என்ன?" என்றான்.

சுவரிலிருந்து கையை எடுத்தான்.