கை வைக்காத சட்டை

பாடகர் குழுத் தலைவி முக்காலியின் மேல் நிற்கிறாள். அவளுடைய வெள்ளை அங்கியின் விளிம்பை மடித்துக் குண்டூசி குத்தியபடி, காலடியில் முழங்காலிட்டிருக்கிறாள் தையல்காரி. வாயில் இன்னும் நான்கு ஊசிகள். மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து மேசைமேல் கிடக்கும் மெல்லிய புத்தகத்தில் விழுகிறது. தையல்காரி எழுதி, போன மாதம்தான் அச்சாகி வந்த முதல் புத்தகம். அவள் செய்த முப்பது ஜெபங்களும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்று மேலிருந்து குரல் வருகிறது. "சபையில எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க. எனக்குத்தான் மனசு ஒட்டல. கேட்டதெல்லாம் உங்களுக்குக் கிடைச்சுடுது. பதில் வராத ஜெபம் ஒண்ணு கூடவா இல்ல?" வாயில் ஊசி இருப்பது ஒரு வசதி, பதில் சொல்ல வேண்டியதில்லை. முகம் மட்டும் சுள்ளென்று எரிகிறது. கண் தானாகச் சுவர்க் கொக்கிக்குப் போகிறது. அங்கே ஒரு நீலச் சட்டை தொங்குகிறது. காலர் வைத்தாயிற்று, காஜா எடுத்துப் பட்டன் கட்டியாயிற்று, கை மட்டும் வைக்கவில்லை. பதினாறு வயதில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுடையது. இந்த ஆறு வருஷத்தில் அவன் கை எவ்வளவு நீண்டிருக்குமோ. மின்விசிறிக் காற்றில் சட்டை உப்பி, உள்ளே ஆள் இருப்பதுபோல் ஒரு கணம் நின்று, தொய்கிறது. தையல்காரி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறாள். "இருக்கும்மா," என்கிறாள். "அத எழுதிட்டா, இனிமே வராதுன்னு நானே முடிவு கட்டின மாதிரி ஆயிடுமே." பிறகு ஊசிகளைத் திரும்பவும் வாயில் கவ்விக்கொள்கிறாள்.