வியாழக்கிழமை மூன்று மணி

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கசேர்த்தா ரயில் நிலையத்தில் இறங்கினார் கார்மினே. நாலு பெட்டி தள்ளி அவர் மனைவி அசுந்தாவும் அவள் தங்கை லொரேத்தாவும் பதுங்கிப் பதுங்கி இறங்கினார்கள்.

"அறுபது வயசுல இந்த மூஞ்சிக்கு ஒருத்தி கேக்குது பாரு!" என்று பல்லைக் கடித்தாள் அசுந்தா.

சொந்த ஊரான நேப்பிள்ஸில் அவள் அப்பா வைத்த காப்பிக்கடையில் இப்போது கார்மினே வைத்ததுதான் சட்டம். பால் காப்பி காலையில் மட்டும்தான், மதியத்துக்கு மேல் அதைத் தொடுவதே அந்த ஊரில் பாவம். மதியச் சாப்பாடு முடிந்து பால் காப்பி கேட்ட ஒரு ஜெர்மன்காரரை நேற்றுக்கூட விரட்டிவிட்டார். "சாப்பாட்டுக்கு மேல பாலா? வயித்துக்குள்ள தயிர்க்கடை வைக்கப்போறியா? வெளியே போய்யா!" கடையே கைதட்டியது. அசுந்தாவுக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் வியாழக்கிழமை மூன்று மணி அடித்தால் போதும், ஆளே மாறிவிடுவார். சலவைச் சட்டை, வாசனைத் தண்ணீர், பல் டாக்டரைப் பார்க்கணும் என்று ஒரு புளுகு. திரும்பி வரும்போது முகத்தில் அசட்டுச் சிரிப்பு வழியும். இரவுச் சாப்பாடும் வேண்டாம் என்பார்.

"எட்டு மாசமா பல் டாக்டர்! வாயில இருக்கிறதே பதினோரு பல்லு!"

"ராத்திரிச் சாப்பாட்டையும் அவளே போட்டுடறா போலிருக்கு" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள் லொரேத்தா.

"இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சு, வீட்டை விட்டே துரத்துறேன். முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தது போதும்."

கார்மினே ஒரு சந்துக்குள் புகுந்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் கடை ஒன்றில் நுழைந்தார். கோடி மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். செம்பட்டைத் தலைமுடிக்காரி ஒருத்தி சிரித்தபடி வந்தாள்.

"வழக்கம்போலத்தானே?"

"ஆமா கண்ணு. சீக்கிரம், யாராவது பாத்துடப்போறாங்க."

வெளியே கதவிடுக்கில் காதை வைத்து நின்ற அசுந்தாவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் அழுது தீர்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையை இழுத்துக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே பாய்ந்தாள்.

செம்பட்டைக்காரி அதற்குள் கேட்டதை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். கார்மினே தனியாகத்தான் இருந்தார். அவர் முன்னால் சட்டிபோல ஒரு கோப்பை, தளும்பத் தளும்பப் பால் காப்பி, மேலே சாக்லேட் தூள். மீசை முழுக்க நுரை.

"எனக்கு... இப்படிக் குடிச்சாத்தான் பிடிக்குது, அசுந்தா" என்று முனகினார்.

லொரேத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, பொம்பளை எல்லாம் ஒண்ணும் இல்லக்கா! வெறும் காப்பி! வா, வீட்டுக்குப் போகலாம்."

அசுந்தா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொம்பளையா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்டி!"