உழவு மழைக்கு ஒரு சொல்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. பகலெல்லாம் சுள்ளென்ற வெயில். மாலையில் திருச்சுழிப் பக்கம் மின்னி, மழை இறங்குகிறது.

தகரக் கூரையின் கீழ் நிற்கும் தங்கலட்சுமியின் கைப்பேசியில் அயர்லாந்து மருமகள் கிளாரா சிரிக்கிறாள். "நீ வாயைத் தொறக்காத, இன்னைக்கு நானே பேசிக்கிறேன்" என்று, கிளாராவின் அருகிலிருந்து எப்போதும் மொழிபெயர்க்கும் மகனை அடக்கிவிட்டாள் தங்கலட்சுமி. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் தூறலுக்கென்று படித்து வைத்த சொல்லை எடுக்கிறாள்: "டிரிசில்." கூரை தடதடக்கிறது, கொட்டும் மழைக்கான சொல்லுக்கு மாறுகிறாள்: "நோ, நோ! டவுன்போர்!" கிளாரா தலையை மட்டும் அசைக்கிறாள், நாள்தோறும் நனையும் ஊர்க்காரிக்கு இதில் என்ன கொண்டாட்டம் என்று விளங்கவில்லை. புஞ்சையிலிருந்து சொட்டச் சொட்ட வந்த கணவர் மாரிக்கண்ணன், "ஏ தங்கம், ஒரு சாணுக்கு ஈரம் எறங்கிருச்சு. உழவு மழைன்னு சொல்லு அவுகளுக்கு!" என்கிறார். பாடப்புத்தகத்தில் அந்த மழை இல்லை. தங்கலட்சுமி கண்மூடி, உழவையும் மழையையும் தானே ஆங்கிலத்தில் சேர்த்து முடிச்சுப் போடுகிறாள். "ப்ளௌ ரெயின். டுமாரோ, வீ ப்ளௌ!" கிளாராவின் கண்கள் விரிகின்றன. "கங்கிராஜுலேஷன்ஸ், அத்தை!" "என்னவாம்?" என்கிறார் மாரிக்கண்ணன். "பிள்ள பெத்த வீட்டுக்குச் சொல்ற மாதிரி வாழ்த்துறா." இடி இடிக்கிறது, அழைப்பு அறுகிறது. அப்போது மணி மாலை ஐந்து நாற்பது.