கிழித்தது கிழித்ததுதான்

சட்டைப் பையிலிருந்து காகிதத் துண்டுகளை அள்ளி மேசையில் கொட்டினான்.

“வேணாம்னு கிழிச்சுட்டேன்.”

மனைவி துண்டுகளைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. மனசு ஒட்டாதவன் ஆறு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகலாம், இருக்கிறவன் மனசோடு இருக்கட்டும் என்று தொழிற்சாலையில் ஆளுக்கொரு கடிதம் கொடுக்கிறார்களாம். வேண்டாம் என்பவன் எல்லோர் முன்னாலும் அதைக் கிழிக்க வேண்டுமாம். கிழித்தால் கைதட்டல்.

“கூரை ஒழுகுது. உங்க ரெண்டு முட்டியும் போயாச்சு. கைதட்டலை வச்சா ஓட்டையை அடைக்கப் போறீங்க?”

கட்டிலில் கால் நீட்டியிருந்த அவள் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மச்சான், நீங்க கட்டிக்கிட்டது எங்க அக்காவையா, கம்பெனியையா?”

அவன் காது மடல் சுட்டது. ஆனாலும் அந்தத் திட்டு அவனுக்கு வேண்டியிருந்தது. ஆறு மாதச் சம்பளத்தை உதறி வந்தவனைத்தான் இப்படித் திட்ட முடியும்.

அவளுக்கு ஆறவில்லை.

“ஒட்டித் தர்றேன். நாளைக்கு நானே வந்து மேனேஜர் கால்ல விழறேன். ஏதோ வீராப்புல கிழிச்சுட்டார்னு சொல்றேன்.”

அவன் கை நீட்டித் தடுப்பதற்குள் துண்டுகளைப் பரப்பிவிட்டாள். ஓரத்துக்கு ஓரம் பொருத்தி டேப் ஒட்டினாள். முதல் வரி கூடி வந்தது.

அவள் விரல் அங்கேயே நின்றது.

கடிதத்தில் இருந்தது வேறொருவர் பெயர்.

கடிதமெல்லாம் கம்பெனி ஆட்களுக்குத்தான். பதினொரு வருடம் உழைத்தும் அவன் காண்டிராக்டர் ஆள்; வீட்டில் அதைச் சொன்னதில்லை. அவனைப் போகச் சொல்ல யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ‘நாளையிலிருந்து வராதே’ என்றால் தீர்ந்தது. இன்றைக்குக் கைதட்டல் ஓய்ந்த பிறகு தரையைக் கூட்டி அள்ளியது அவன்தான்.

தம்பி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, ஒட்டுதா?”

அவள் காகிதத்தைக் கசக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“எங்கே ஒட்டுது? உன் மச்சான் கிழிச்சா கிழிச்சதுதான்டா.”

அவ்வளவு திட்டுக்கும் அசையாமல் நின்றவன், அப்போதுதான் தலையைக் குனிந்தான்.