பின்பக்கமாக வந்தவள்

பனிச்சரிவின் விளிம்பில் கோரின், இரண்டு காலையும் பக்கவாட்டில் பூட்டிய சறுக்குப் பலகையோடு உட்கார்ந்துவிட்டாள். நாளை மீட்புக் குழுவுக்குத் தேர்வு. அதில் விழாமல் சரிவில் இறங்கினால்தான் விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுவதிலிருந்து அவளுக்கு விடுதலை.

"எழுந்திருடி, குண்டி ஒறஞ்சிடும்," என்றான் ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே அவளுக்குச் சறுக்கச் சொல்லித்தரும் சிநேகிதன் லூசியன்.

"வேகம் எடுத்தாலே விழறேன்டா. பயமா இருக்கு."

"வேகமில்லேன்னா பலகை திரும்பாது. இடது காலை முன்னாடி வெச்சு விடு."

விட்டாள். கொஞ்ச தூரத்திலேயே இறுகிய பனி பலகையைச் சுழற்றிவிட்டது. வலது கால் முன்னே வந்துவிட்டது. பின்பக்கமாகப் போகிறோம் என்று தெரிந்தது. மரங்கள் விர்ரென்று ஓடின. திருப்பப் பயந்து, அப்படியே வளைந்து வளைந்து அடிவாரத்துக்கு வந்து நின்றாள். பலகையைக் கழற்றினாள்.

லூசியன் வந்து சேர்ந்தான்.

"என்னால ஆகாதுடா. மலை முழுக்கப் பின்பக்கமா வந்திருக்கேன்."

"விழுந்தியா?"

"இல்லே."

அவன் சட்டென்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினான். அவள் தடுமாறி வலது காலை முன்னே ஊன்றினாள்.

"நாசமாப் போச்சு. தள்ளினா முன்னே வர்ற காலைத்தான் பலகையிலயும் முன்னாடி வெக்கணும். எல்லாருக்கும் போல உனக்கும் இடதுன்னு நெனச்சுட்டேன். இத்தனை நாளும்தான்டி நீ பின்பக்கமாப் போயிருக்கே. இன்னிக்குத்தான் நேரா வந்தே."