மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர்

“உடம்புல இருக்கிற புள்ளி உப்புத் தூவின மாதிரி இருக்கா, இல்ல மாவு பூசின மாதிரி இருக்கா?”

கடைக்காரம்மா கேட்டதும் எதிரே நின்றவர் செல்போனை நீட்டினார். மங்கலான வீடியோ. உள்ளங்கை அகல நீல மீன் ஒன்று தொட்டியின் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“லைட்டப் போட்டு எடுத்திருக்கலாமே?”

“போட முடியாதுங்க.”

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிற ஆள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடல் மீன் விற்கத் தொடங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த வட்டாரத்தில் அவளுக்கு மீன் டாக்டர் என்றே பெயர். வாய் கொஞ்சம் நீளம். மீனை வாடவிடுகிறவர்களைக் கண்டால் இன்னும் நீளும்.

அவர் சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு சொட்டை உப்பு பார்க்கிற கருவியில் விட்டுப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“உப்பு கண்டபடி ஏறிக் கிடக்கு. தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. குறையக் குறைய நல்ல தண்ணி ஊத்தணும். எத்தனை நாளா ஊத்தல?”

“சரியாத் தெரியலம்மா.”

“தீனி?”

“தானா தீனி விழற டப்பா மேல மாட்டியிருக்கு. அது அடைச்சுக்கிச்சு. நேத்துதான் பாத்தேன்.”

“நேத்துதான் பாத்தீங்களா? ரொம்ப நல்லாருக்கு. கடல்ல அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருந்ததக் கொண்டாந்து கண்ணாடிக்குள்ள அடைச்சுட்டு, உசிரோட இருக்கான்னு பாக்கக்கூட உங்களுக்கு நேரமில்ல. வீட்டுல வேற யாரும் பாக்கறதில்லையா?”

“இதுவரைக்கும் யாரும் பாக்கலம்மா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வயதிருக்கும். திட்டு வாங்கிப் பழகிய முகம். அவளுக்குக் கோபம் சற்று இறங்கியது.

“வெள்ளைப்புள்ளி நோய். அந்தப் புள்ளிக்குள்ள இருக்கறது ஒட்டுண்ணி. நாலஞ்சு நாள் மீனோட தோலத் தின்னும். அப்புறம் உதிர்ந்து, தொட்டிக்கு அடியில போய்ப் பெருகி, கும்பலாத் திரும்பி வரும். அது வர்றதுக்குள்ள மீனை வேற தண்ணிக்கு மாத்திட்டா ஏமாந்துரும். ரெண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை புதுத் தண்ணி, காஞ்ச தொட்டி. அப்படி நாலு தடவை. ஒரு நாள் தவறினாலும் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“சரிங்க.”

“இல்லன்னா மீனை இங்க கொண்டாந்துடுங்க. நானே பாத்துக்கறேன்.”

“அந்த வீட்லேர்ந்து எதையும் எடுக்க வேணாம்னு இருக்கேம்மா,” என்றார் அவர் மெதுவாக.

என்னவோ வேண்டுதல் போல என்று அவள் விட்டுவிட்டாள். காற்றுப் பம்பு ஒன்றைக் கொடுத்து, கடையில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை இரண்டு கேன்களில் நிரப்பிக் கொடுத்தாள்.

ஒரு தடவைகூட அவர் நாள் தவறவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சைக்கிளில் வந்தார். கேரியரில் காலிக் கேன்கள், வாயில் கணக்கு.

“நிமிஷத்துக்கு நூத்திப் பத்துத் தடவ செவுள் அடிக்குதும்மா.”

“அதிகம். ஆனா இருக்கட்டும். சாப்பிடுதா?”

“தொடவே மாட்டேங்குது.”

ஆறாம் நாள் முகம் செத்து வந்தார். கேன்களைக்கூட இறக்காமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

“பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கும்மா. பொழைக்குமா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காய்ந்த கடல்பாசியைப் பூண்டுச் சாற்றில் நனைத்துப் பொட்டலம் கட்டினாள். “இத மூக்குகிட்ட ஆட்டிப் பாருங்க. அவசரப்படாதீங்க, கூடவே உக்காந்திருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அது வாயத் திறக்கற வரைக்கும்.”

ஒன்பதாம் நாள் சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். “என் கையிலேர்ந்து கடிச்சு இழுத்துச்சும்மா. ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். வெடுக்குன்னு இழுத்துச்சு.” அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். இப்படிப்பட்ட மனுஷனையா முதல் நாள் வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் காட்டிய வீடியோவில் மீன் பளபளவென்று நீந்தியது. ஒரு புள்ளி இல்லை.

“ஜெயிச்சுட்டீங்க,” என்றாள். “ஆனா பழைய தொட்டியில ரெண்டு மாசம் மீனே இருக்கக் கூடாது. உள்ள இருக்கிற ஒட்டுண்ணியெல்லாம் பட்டினியில சாகணும். அதுவரைக்கும் இது வெளியவே இருக்கட்டும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏதோ ஒரு முகவரி.

“இத நாளைக்கு நீங்க அங்க போய்ச் சொல்லணும்மா. இல்லாட்டி அவங்க ஆசையா மறுபடி பழைய தொட்டியிலயே விட்டுடுவாங்க.”

“அவங்கன்னா?”

“வீட்டுக்காரங்க. வெளியூர்லேர்ந்து நாளைக்கு வராங்க. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க.”

அவள் சிரித்தாள். “அட, உங்க மீனுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் எதுக்கு? உங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனாங்க, நீங்களே சொல்லுங்க. சந்தோஷப்படுவாங்க.”

அவர் சைக்கிளின் ஸ்டாண்டைத் தள்ளினார்.

“என்னை அவங்களுக்குத் தெரியாதும்மா. பின்பக்க ஜன்னலை நெம்பி மொதத் தடவ உள்ள போனது திருடத்தான். அதுக்கப்புறம் போனதெல்லாம் மீனுக்காக.”